பறவையும் குடிசையும்

பசித்த மனிதன் பக்கத்தில் இருக்கையில் பறவையை ரசிப்பது அறமாகுமா? முற்போக்கு எண்ணம் கொண்ட ஆசிரியரும் மாணவரும் எழுப்பும் கேள்வி இது. தூரநோக்கியைக் கழுத்தில் மாட்டிச் சேற்று நிலங்களில் அலைவது வயிறு நிறைந்தோரின் பொழுதுபோக்கு என்பது அவர்கள் ஐயம். ஐயத்தில் நியாயம் உண்டு. ஆயினும் தீர்ப்புக் கூறுமுன் அந்தச் சேற்று நிலத்தை நாம் பார்த்துவிட வேண்டும்.

களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் முகத்துவாரம். மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் நெருங்கி வாழும் வட கொழும்புப் பகுதி. ஆற்றைக் கடந்து வத்தளை வழியே வடக்கே சென்றால், நீர்கொழும்பு வாவி வரையில் ஏறத்தாழ 3,000 ஹெக்டேர் பரப்பில் முத்துராஜவெலச் சதுப்பு விரிந்து கிடக்கிறது. அதன் வடபகுதி 1996 இல் சரணாலயமாக்கப்பட்டது.

பங்குனி மாதத்து விடியலில் ஹமில்டன் கால்வாயில் படகேறிச் செல்வோர்க்கு அங்கே ஓர் உலகமே விழித்தெழுவது தெரியும். நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காய்கின்றன. நாணற் புதருக்குள் நீலத் தாழைக்கோழி நிதானமாக நடைபோடுகிறது. கண்டல் வேரடியில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது. பனிக்காலத்தைக் கழிக்க வடபுலத்திலிருந்து வந்த பஞ்சுருட்டானும் உள்ளானும் கடவுச்சீட்டுக் கேட்பாரின்றித் திரும்பிச் செல்ல ஆயத்தமாகின்றன.

இந்த அழகு வேறொரு வேலையும் செய்கிறது. களனி கங்கையும் தண்டுகம் ஓயாவும் பெருகும் நாட்களில் மிகை நீரைச் சதுப்பு தன்னுள் தாங்கி, மெல்ல மெல்ல வாவிக்கும் கடலுக்கும் விடுகிறது. கண்டற் காட்டின் நிழலில் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அவையே மீனவன் வலைக்கு வந்து சேர்கின்றன. கொக்கு இரை தேடும் நீரும் மீனவன் வீட்டுச் சோறும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. சதுப்பை மணலிட்டு மூடினால் கொக்கு பறந்து போகும். வெள்ளம் எங்கே போகும்? தாழ்ந்த இடத்துக் குடிசைக்குத்தான் முதலில் போகும். 2016 மே மாதம் களனி பெருகியபோது கொலன்னாவை மக்கள் இதனை அனுபவித்தார்கள்.

அந்தக் கொலன்னாவைத் தாழ்நிலத்தில்தான் மீதொட்டமுல்ல இருக்கிறது. மாநகரின் குப்பை ஆண்டாண்டாக அங்கே மலையாகக் குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, அந்த மலை சரிந்து 32 உயிர்களைப் புதைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே, 2018 இல், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 'ஈரநில நகரம்' என்று சிறப்பிக்கப்பட்டது. இரண்டும் ஒரே நகரின் வரலாறு. சதுப்பு வெறும் பாழ்நிலம் என்ற எண்ணமே அங்கே குப்பையைக் கொட்ட வைத்தது. அதன் அருகே வாழும் ஏழையும் பொருட்டல்ல என்ற எண்ணமே அதைத் தடுக்காமல் விட்டது.

பறவை காப்பது செல்வர் கலை என்போர்க்கு வேடந்தாங்கல் விடை கூறும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுக் காப்பாணை பெற்றவர்கள் சாதாரண உழவர்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பயன் கருதிய அன்பு தாழ்ந்த அன்பா? உழைப்போடு பிணைந்த அன்புதான் தலைமுறை கடந்தும் நிலைக்கிறது என்போம் நாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சரணாலயம் என்ற பெயரால் வேலி எழுப்பி, வலை வீசுபவனை வெளியே தள்ளி, மறுபுறம் பணம் படைத்தவனுக்கு நிலம் நிரப்ப இடங்கொடுத்தால், பறவையின் பெயரால் நடக்கும் அநீதியாக அது முடியும். சதுப்பைக் காக்கும் முடிவில் அதன் கரையில் வாழ்வோர்க்குக் குரல் இருக்க வேண்டும்.

ஆகவே ஆசிரியர்கள் மாணவரைச் சதுப்புக்கு அழைத்துச் செல்லட்டும். பறவையின் பெயரைக் கற்பிக்கட்டும். அதே நடையில் கரையோரக் குடிசைகளையும் காட்டி, வெள்ளம் முதலில் எவர் வாசலுக்கு வருகிறது என்றும் கேட்கட்டும். இரண்டையும் சேர்த்துக் காணும் கண்ணுக்கு, பறவையா மனிதனா என்ற கேள்வியே எழாது.