விலையில்லாதது கொடையாகுமா?

ஃபியூஷன் 360 என்ற வடிவமைப்பு மென்பொருளைச் சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமாகத் தந்துவந்த ஆட்டோடெஸ்க், 2020 செப்டம்பரில் கையை இறுக்கியது. திருத்தக்கூடிய வடிவமைப்புகள் பத்துக்கு மேல் கூடாது. நான்கு, ஐந்து அச்சு மில்லிங் வசதி கிடையாது. வரைந்த படத்தைப் பிற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய ஸ்டெப் ஃபைலாக வெளியே எடுப்பதையும் நிறுத்தப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பிய பிறகே விட்டுவைத்தது. 2016-இல் அது வாங்கிய ஈகிள் என்ற சர்க்யூட் மென்பொருளுக்கும் 2026 ஜூன் 7 என்று முடிவுநாள் குறித்தது.

கோவை இதை வேடிக்கை பார்க்க முடியாது. பீளமேட்டில் மாணவர் லைசென்ஸில் படம் வரையப் பழகும் பிள்ளைதான் நாளை கணபதியில் விஎம்சி எந்திரம் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறான். அன்று அந்த லைசென்ஸ் செல்லாது. ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். மாறிக்கொள்ளவும் வழியில்லை. கை பழகியது அதில். பம்ப் இம்பெல்லர் படமெல்லாம் கிடப்பதும் அதன் ஃபைலில்.

மூலநிரலைப் பூட்டிக்கொண்டு மென்பொருளைச் சும்மா தருவது வணிகம். அதற்குக் கொடை என்று பெயர் சூட்டுவது அறமாகாது.

இல்லாதவர்க்குத் தருவதே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வருவதை எண்ணித் தருவது என்று ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் வரம்பு கட்டிவிட்டார். மறுமைப் பலனை எண்ணிக் கொடுப்பதைக்கூட வாணிகமென்று தள்ளி, வள்ளல் ஆய் அண்டிரன் அப்படிப்பட்டவன் அல்லன் என்று புறநானூற்றில் பாடினார் முடமோசியார். கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்று போற்றப்படும் பவணந்தி முனிவர், தகுதியற்ற ஆசிரியனுக்கு மடற்பனையை உவமை சொன்னார்: கனி தானாக விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க இடம் தராது. மூடிய மென்பொருளும் அப்படித்தான். நிறுவனம் உதிர்ப்பதைப் பொறுக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று கற்க முடியாது.

கற்பதென்றால் திறந்து பார்ப்பது என்று வாழ்ந்த ஊர் இது. மோட்டார் சைக்கிளைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர் ஜி.டி. நாயுடு. அந்தத் துணிவே 1937-இல் இங்கே மின்மோட்டாரைப் பிறப்பித்தது.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. பல்லாண்டு உழைப்புக்குக் கூலி கேட்பது குற்றமில்லை. சாலிட்ஒர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளுக்கு அடிப்படையான பாராசாலிட், சீமென்ஸின் உடைமை. பிறர் பொருளைத் திறந்து காட்ட இயலாது. ஆனால் மிகுத்துக் கொள்ளாமலும் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்த பட்டினப்பாலையின் வணிகர்கள் விலையை ஒளிக்கவில்லை. பழக்கத்தை விதைத்துப் பிற்பாடு சந்தாவை அறுப்பது அந்த நேர்மைக்குப் புறம்பு.

ஆகவே நம் கல்லூரிகள் முதலாண்டிலேயே திறந்த மென்பொருளைக் கற்பிக்கட்டும். வடிவமைப்புக்கு 2024 நவம்பரில் ஃப்ரீகேட் 1.0 வந்துவிட்டது, சர்க்யூட் வரையக் கைகேட் இருக்கிறது, ஐஐடி பாம்பேயின் ஃபோசி திட்டம் சைலேப், ஈசிம் ஆகிய திறந்த மென்பொருள்களைக் கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்கிறது. பட்டறைக்காரர்கள் ஒவ்வொரு படத்தையும் ஸ்டெப் ஃபைலாகவும் எடுத்து வைக்கட்டும். மாணவனின் கையை ஒரே நிறுவனத்திடம் அடகு வைக்கும் உரிமை எந்த ஆசிரியருக்கும் இல்லை.