நெடுந்தீவு அருகே

தமிழ் நாளிதழில் ‘நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது’ என்று வரும். அதே செய்தி ஆங்கிலத்தில் ‘டெல்ஃப்ட் தீவு அருகே’ என்று வரும். திருக்கடையூர் டீக்கடையில் முதலாவதைப் படிக்கிறவருக்கு அது தெரிந்த பெயர்; தரங்கம்பாடி, நாகப்பட்டினத்துப் படகுகள் போகிற கடல். இரண்டாவதைப் படிக்கிறவர் கூகுளில் டெல்ஃப்ட் என்று போட்டால் முன்னால் வந்து நிற்பது நெதர்லாந்து நகரமும், நீலப்பூ வரைந்த பீங்கானும்தான்.

டச்சுக்காரர்கள், யாழ்ப்பாண வழக்கில் ஒல்லாந்தர், 1658-இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். இரண்டும் ஒரே வருஷம். யாழ்ப்பாணத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நெடுந்தீவு டெல்ஃப்ட். இதில் ஆம்ஸ்டர்டாமும் லெய்டனும் வழக்கொழிந்து போயின. டெல்ஃப்ட் மட்டும் பிழைத்துக்கொண்டது. வைத்தவர்கள் 1796-இல் இலங்கையை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போன பிறகும், அடுத்து வந்தவர்களின் வரைபடத்திலும் கச்சேரித் தாளிலும் அது தொடர்ந்தது. அதிகாரம் பெயர் வைக்கலாம். நிற்க வைப்பது அடுத்தடுத்துப் புழங்குகிறவர்கள்தான்.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? டச்சு மொழியில் தோண்டுவதைக் குறிக்கும் வினைச்சொல்லிலிருந்து வந்தது. தோண்டிய வாய்க்கால். டெல்டாக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும், நம்மிடம் வெட்டாறு இருக்கிறதே. நாகூர்ப் பக்கம் கடலில் சேர்கிற அந்த ஆற்றின் பெயரும் கிட்டத்தட்ட அதே அர்த்தம்தான். ஆனால் நெடுந்தீவு ஆறே இல்லாத தீவு, பவளப்பாறைக் கற்களை அடுக்கி வேலி கட்டுகிற ஊர். அதைப் போய் வாய்க்கால் என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

இதில் என்ன தப்பு என்று ஜான் ஸ்டூவர்ட் மில் கேட்டிருப்பார். 1843-இல் வந்த தர்க்கவியல் நூலில் அவர் டார்ட்மவுத் என்ற ஊரை எடுத்துக்கொள்கிறார். டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் அந்தப் பெயர். நாளைக்கு ஆறு திசை மாறினாலும் ஊரின் பெயர் மாற வேண்டியதில்லை. பெயர் சுட்டுகிறது, விவரிப்பதில்லை என்பது அவர் கட்சி. யோசித்தால் சரிதான். திருக்கடையூருக்கு அமுத கடத்தை வைத்துத் தலபுராணம் உண்டு. ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிறபோது யார் குடத்தை நினைக்கிறார்கள்? புரோகிராம் எழுதுகிற எங்களுக்கும் இது பழக்கம்: வேரியபிளுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் கம்ப்யூட்டருக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் அடுத்து வந்து படிக்கிற ஆளுக்கு.

அந்த ஆளைத்தான் மில் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

குடும்பப்பெயரை எடுத்துக்கொள்வோம். டச்சில் ‘வான்’ என்றால் ‘இன்ன ஊரிலிருந்து’ என்று பொருள். நம் தாத்தாக்கள் பெயருக்கு முன்னால் ஊரை வைத்துக்கொண்டதுபோல. இலங்கைப் பறங்கியர் சமூகத்தில் ஜே.எல்.கே. வான் டோர்ட் என்றொரு ஓவியர் இருந்தார், 1831-இலிருந்து 1898 வரை. டோர்ட் என்பது டோர்ட்ரெக்ட் நகரத்தின் சுருக்கம். இலங்கை வாழ்க்கையை வரைந்த மனிதரின் பெயர், அவரை டோர்ட்ரெக்ட்காரர் என்கிறது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பெயர் வேறு எந்தப் பெயரையும் தள்ளிவிட்டு வந்து உட்காரவில்லை. துட்டு, கக்கூஸ், ஈழத்தமிழில் கந்தோர் எல்லாம்கூட டச்சிலிருந்து வந்தவை என்கிறார்கள். வரட்டுமே. கக்கூஸுக்காக யாரும் கொடி பிடிக்கப் போவதில்லை.

டெல்ஃப்ட் அப்படியில்லை. ஆங்கிலத்தில் அது நெடுந்தீவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்து, அந்தத் தீவை இன்னொன்றின் நகலாக ஆக்குகிறது. நெதர்லாந்து நகரம் வெறும் டெல்ஃப்ட். இது ‘டெல்ஃப்ட் தீவு’. ஒட்டு எப்போதும் இரண்டாவது ஆளுக்குத்தான். 1985 மே 15 அன்று குமுதினி என்ற படகில் வைத்து 20-க்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவிலிருந்து போன படகு. அதைப் பற்றி ஆங்கிலத்தில் தேடுகிற பேத்தி முதலில் ஒரு பீங்கான் நகரத்தைத் தாண்டி வர வேண்டும்.

அப்படியானால் மாற்றிவிடலாமா? 2020-இல் தமிழ்நாடு அரசு 1018 இடப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்குத் தக்க மாற்றி ஓர் ஆணை போட்டது. எழுத்துக்கூட்டலை வைத்து இணையமே சிரித்தது. சில நாளில் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அந்த ஆணையின் நோக்கத்தோடு சண்டையில்லை. ஆனால் தரங்கம்பாடியில் தன்னை டிராங்கேபார்க்காரர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை. பேச்சில் மாற்ற எதுவும் இல்லை, மாற வேண்டியது பதிவேடு மட்டும்தான். நெடுந்தீவுக்கும் அதுவே என் பதில்: ஆங்கிலத்திலும் நெடுந்தீவு என்றே எழுதலாம், பழைய பெயரை அடைப்புக்குள் வைக்கலாம். வரலாற்றை அழித்த பாவமும் வராது.

இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. நாம் சரியான பெயரைத்தானே காலங்காலமாக எழுதுகிறோம்? எழுதி என்ன செய்தோம்? நம் செய்தியில் நெடுந்தீவு என்பது நம் ஆட்கள் பிடிபடுகிற இடம், அவ்வளவுதான். அங்கே மீனவர்கள் இருக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்கள், இங்கிருந்து போகிற இழுவைமடிப் படகுகளால் தங்கள் வலை அறுபடுகிறது என்று வருஷக்கணக்கில் சொல்கிறார்கள். இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்ததற்கு அவர்களின் குரலும் ஒரு காரணம். அது நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? தூய தமிழ்ப் பெயர்தான். ஆனால் அதற்குப் பின்னால் ‘அருகே’ என்ற சொல் ஒட்டியே வருகிறது. இத்தனை வருஷத்தில் நம் செய்தி தீவின் கரையில் இறங்கி, அறுந்த வலை யாருடையது என்று கேட்டது அபூர்வம்.