ஒடுங்கி உட்காருபவர்

திருச்சியிலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போகிற விமானங்களில் பல ஒரே வகுப்பு விமானங்கள். முன்னால் திரை கிடையாது, அகலமான இருக்கையும் கிடையாது. ஆனாலும் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே யார் மேலே, யார் கீழே என்பது முடிவாகிவிடுகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

*

நடு இருக்கைக்காரர் முதல் தடவை போகிறவர் என்றால் பார்த்ததும் தெரியும். ஏஜென்சியின் பெயர் அச்சிட்ட பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட்டும் விசா நகலும். மேலே இடம் இருந்தாலும் பை மடியில்தான் இருக்கும். இரு பக்கத்துக் கைப்பிடிகளும் மற்றவர்களுக்குப் போய்விடும். இவருடைய முழங்கைகள் விலாவோடு ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று கேட்கமாட்டார், பக்கத்தில் ஓரக்கண்ணால் பார்த்து மாட்டிக்கொள்வார். தாகம் எடுக்கும். தண்ணீருக்குக் காசு கேட்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம், எந்த மொழியில் கேட்பது என்ற கூச்சம் ஒரு பக்கம். இறங்கும்வரை கேட்கமாட்டார்.

விமானப் பணியாளர்களிடமிருந்து ஜன்னலோரக்காரருக்கு ‘சார்’. இவருக்கு ஒரு சைகை, சில நேரம் ஒரு அதட்டல். ஏஜென்டுக்குக் கொடுத்ததையும் அதற்காக வாங்கிய கடனின் வட்டியையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பயணத்துக்கு அந்த விமானத்திலேயே அதிகம் கொடுத்தவர் இவராகத்தான் இருக்கும்.

*

காதரின் டிசெல்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் வகுப்பு உள்ள விமானங்களில் பின்னால் இருப்பவர்களின் ரகளை அதிகம். முதல் வகுப்பைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும் என்றால் இன்னும் அதிகம் என்றது அது. நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் ரகளை செய்ய ஒரு உரிமையுணர்வு வேண்டும். ‘எனக்கு இது கிடைத்திருக்கவேண்டும்’ என்று நினைக்கிறவனுக்குத்தான் கோபம் வரும். கோபமே வராமல் ஒடுங்கிக்கொள்கிறவர் எந்தப் புகார்ப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. என் கவலை அவரைப் பற்றியது.

*

ரஜூலா கப்பலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 1926இல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. கேபினில் சிலர், டெக்கில் பாய் விரித்து ஆயிரக்கணக்கில் நம் ஆட்கள். அங்கே பிரிவினை பச்சையாகவே இருந்தது. ஆனால் டெக்கில் இருந்தவனைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் அவனைப் போன்றவர்கள். (பாய்க்கும் பாய்க்கும் நடுவில் சாதி இடைவெளி விட்டிருக்கும் என்பதையும் மறக்கவில்லை.) விமானத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார வைத்துவிட்டு, தூரத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கிறோம்.

*

2017 ஜூலைக்கு முன்பு, வெளிநாடு போகிற இந்தியர்கள் புறப்பாட்டு அட்டை நிரப்பவேண்டியிருந்தது. “தம்பி, இத கொஞ்சம் எழுதிக் குடுக்குறீங்களா?” என்று ஒருவர் தொடங்கினால் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். சிலர் எழுதிக் கொடுப்பார்கள், சிலர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அந்த அட்டையை எடுத்தது நல்ல காரியம்.

ஆனால் 2018 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் இன்னொன்றை அறிவித்தது. குடிபெயர்வு அனுமதி தேவைப்படுகிறவர்களுக்கு, அதாவது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு, ஆரஞ்சு நிற பாஸ்போர்ட். மற்றவர்களுக்கு வழக்கமான நீலம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே கைவிட்டார்கள். கைவிட்டதில் நிம்மதிதான். ஆனால் ஒரு மனிதன் வரிசையில் நிற்கும்போதே அவன் படிப்பு தூரத்திலிருந்து தெரியட்டும் என்று ஒரு யோசனை எழுந்து, கூட்டங்களைக் கடந்து, அறிவிப்பாகவும் வந்ததே! அதை என்னால் மறக்க முடியவில்லை.

*

இரண்டு வருடம் கழித்து அதே நடு இருக்கைக்காரர் விடுப்பில் வந்து திரும்பிப் போகிறார். இப்போது கைப்பிடி அவருடையது. நடு இருக்கையில் இன்னொரு புதிய பையன். சிலர் அவனை அதட்டுகிறார்கள்: “பைய மேல வைப்பா, மொதல்ல.” சிலர் ஒன்றும் சொல்லாமல் தங்கள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறார்கள், அங்கே போய் இறங்கியதும் எந்த வரிசையில் நிற்கவேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதட்டுகிறவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் வழியெல்லாம் இருந்தார்கள், அது புரிகிறது. பாட்டிலை நீட்டுகிறவர் அதை யாரிடம் கற்றார் என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.