டெங்கு ஒழிப்பும் நன்மையில் துணை நிற்பதும்

எல்லாப் புகழும் நம்மைப் படைத்துப் பாதுகாத்து வரும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் நமது உயிரிலும் மேலான முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள், அவர்களது வழி நடக்கும் அனைவர் மீதும் உண்டாவதாக! அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும் பின்னர் உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

அன்புக்குரிய சகோதர சகோதரிகளே!

மழை அல்லாஹ்வின் ரஹ்மத். ஆனால் அந்த மழைநீர் நமது வீட்டு முற்றத்திலும் கூரைப் பீலியிலும் தேங்கி நிற்கும்போது, நமது கவனக்குறைவால் அதுவே ஆபத்தாக மாறிவிடுகிறது. 2017ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஒரே வருடத்தில் நமது நாட்டில் சுமார் 186,000 பேருக்கு டெங்கு ஏற்பட்டதாகப் பதிவானது. 400க்கும் மேற்பட்டோர் மரணித்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இதோடு இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2009இல் சுமார் 35,000 பேருக்கு டெங்கு பதிவானது. 340க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதாவது நோயுற்ற நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர். 2017இல் நோயாளிகள் ஐந்து மடங்குக்கு மேல் கூடினார்கள். ஆனால் இறப்பு நானூறு பேரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. பழைய விகிதமே நீடித்திருந்தால் எத்தனை ஜனாஸாக்களைச் சுமந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த மாற்றம் எப்படி வந்தது? அல்லாஹ்வின் அருளால் வந்தது. அந்த அருள் வந்த வழிகளில் முக்கியமானது, ஒரு நாட்டு மக்கள் தாங்கள் கற்றதை இன்னொரு நாட்டு மக்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகும்.

கற்றதை மறைக்காதவர்கள்

தாய்லாந்துப் பிள்ளைகள் பல்லாண்டுகளாக இந்த நோயால் அவதியுற்றவர்கள். பேங்கொக் சிறுவர் வைத்தியசாலையில் வைத்தியர் சுசித்ரா நிம்மானித்யாவும் அவரோடு பணியாற்றியவர்களும் நோயாளிகளின் கட்டிலருகே இருந்து இந்நோயின் போக்கைப் படித்தார்கள். காய்ச்சல் குறையும் வேளைதான் ஆபத்தான வேளை என்பதையும், அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களுக்கு வெளியே கசிகிறது என்பதையும் கவனித்தார்கள். அந்த ஓரிரு நாட்களில் சேலைன் குறைந்தாலும் உயிருக்கு ஆபத்து, கூடினாலும் ஆபத்து. அளந்து கொடுத்தால் பிள்ளை பிழைக்கும்.

இந்த அறிவை அவர்கள் தங்களுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. நமது நாட்டு வைத்தியர்கள் பேங்கொக் சென்று அதைக் கற்று வந்தார்கள். அதன் அடிப்படையில் இங்கும் சிகிச்சை வழிகாட்டல்கள் வகுக்கப்பட்டன. இன்று நமது வைத்தியசாலை வார்டுகளில் மணிக்கு மணி நோயாளியின் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரின் அளவையும் குறித்துக்கொள்கிறார்களே, அதன் பின்னால் எங்கோ ஒரு ஊரில் யாரோ பட்ட பாடு இருக்கிறது.

கண்ணியத்திற்குரியவர்களே! கேட்கப்பட்ட அறிவை மறைப்பவர் மறுமையில் நெருப்பாலான கடிவாளம் பூட்டப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. மார்க்க அறிவைப் பற்றி வந்த எச்சரிக்கை என்றாலும், ஓர் உயிரைக் காக்கும் அறிவைக் கையில் வைத்துக்கொண்டு மறைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை அதிலிருந்தே நாம் விளங்கிக்கொள்ளலாம்.

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் துணை நிற்குமாறு ஸூரா அல்மாயிதாவின் 2ஆவது வசனத்தில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிடுகிறான். "இது முஸ்லிம்களுக்கு இடையில் மட்டும்தானே?" என்று சிலர் கேட்கலாம். ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களுக்குப் பாலைவனத்தில் வழிகாட்டியவர் யார்? அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை. ஆனால் வழி அறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். நபியவர்கள் தமது உயிரையே அவரது அறிவை நம்பி ஒப்படைத்தார்கள்.

யோக்யகர்த்தா தரும் பாடம்

சிகிச்சை ஒரு பக்கம் இருக்க, நோய் வராமல் தடுக்கவும் இத்தகைய கூட்டுமுயற்சி ஒன்று நடந்துள்ளது. வொல்பாச்சியா என்றொரு பாக்டீரியா பூச்சியினங்களில் ஏறத்தாழ பாதியில் இயற்கையாகவே வாழ்கிறது. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்டி நுளம்பில் அது சாதாரணமாக இருப்பதில்லை. அவுஸ்திரேலியாவில் பேராசிரியர் ஸ்கொட் ஓநீலும் அவரது குழுவினரும் பல வருட முயற்சிக்குப் பின் பழ ஈயிலிருந்து அதை எடுத்து இந்த நுளம்புக்குள் நிலைபெறச் செய்தார்கள். அது இருக்கும் நுளம்பின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது கடினம். தாய் நுளம்பிலிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைக்கும் அது போய்ச் சேருகிறது. 2011இல் குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் பகுதியில் முதன்முதலாக இந்த நுளம்புகள் விடுவிக்கப்பட்டன.

ஆனால் இது உண்மையிலேயே டெங்கைக் குறைக்குமா? அதைச் சோதித்துக் காட்டியது உலகின் மிகப் பெரிய முஸ்லிம் சனத்தொகை கொண்ட நாடுகளில் ஒன்றான இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரம். அங்குள்ள காஜா மாடா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அதி உதாரினி தலைமையில், அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகமும் இணைந்து, இந்தோனேசியாவின் தஹிஜா அறக்கட்டளையின் நிதியுதவியோடு ஆய்வு நடந்தது. நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் வொல்பாச்சியா நுளம்பு முட்டைகளை வைத்தார்கள். 2021இல் வெளியான முடிவு: அப்பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்திருந்தது. டெங்கினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது 86 சதவீதம் குறைந்திருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. நுளம்பு முட்டை வைத்த வாளியைத் தமது வீட்டு முற்றத்தில் வைக்க அந்நகரத்து மக்கள் சம்மதித்தார்கள். காய்ச்சலோடு சிகிச்சை நிலையங்களுக்கு வந்தவர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆய்வில் பங்கேற்க இணங்கி இரத்தம் கொடுத்தார்கள். அந்தச் சாதாரண மனிதர்களின் பெயர் எந்த நூலிலும் இராது. ஆனால் அல்லாஹ்விடம் அவர்களது அமல் வீணாகிவிடாது. அந்த அறிவின் பயன் அவர்களது ஊரோடு நின்றுவிடவும் இல்லை. இதே வகை நுளம்புகள் 2020இல் நமது கொழும்பு, நுகேகொடைப் பகுதிகளிலும் விடுவிக்கப்பட்டன.

கேள்விகளும் வதந்திகளும்

"இது அல்லாஹ்வின் படைப்பில் தலையிடுவது ஆகாதா?" என்ற கேள்வி எழலாம். கேட்பதில் தவறில்லை. இங்கே நுளம்பின் மரபணு மாற்றப்படவில்லை. அல்லாஹ் ஒரு பூச்சியில் வைத்த பாக்டீரியாவை இன்னொரு பூச்சிக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் வருகிறது. நிவாரணத்தைத் தேடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல.

கேட்டுத் தெளிவது வேறு, கேட்டதையெல்லாம் வட்ஸ்அப்பில் பரப்புவது வேறு. 2023இல் பாலித் தீவில் மக்களின் அச்சத்தாலும் எதிர்ப்பாலும் இந்த நுளம்புகளை விடுவிக்கும் பணி ஒத்திவைக்கப்பட்டது. செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படியும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலைக்கு ஆளாக வேண்டாம் என்றும் ஸூரா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் நம்மை எச்சரிக்கிறது. விசாரிக்காமல் அனுப்பும் ஒரு குரல் பதிவு, ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பைத் தடுத்துவிடக் கூடும். அதற்கும் நாம் பதில் சொல்ல வேண்டி வரும்.

நமது பங்கு என்ன?

இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதும், வருடத்தின் ஓர் இரவில் கொள்ளைநோய் இறங்குவதாகச் சொன்னதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மூடாத நீர்ப் பாத்திரமே டெங்கு நுளம்பு முட்டையிடும் இடம் என்று இன்று அறிந்த நாம் அந்த ஸுன்னாவை எவ்வளவு அக்கறையோடு பேண வேண்டும்!

தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். நமது பள்ளிவாசல்களின் கூரைப் பீலிகள், பாவனையில் இல்லாத தண்ணீர்த் தாங்கிகள், மையவாடியில் கிடக்கும் போத்தல்கள், சிரட்டைகள் ஆகியவற்றையும் நிர்வாகிகளும் இளைஞர்களும் பார்க்க வேண்டும்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் கேற்றைத் திறந்து விடுங்கள். தண்டப்பணத்துக்குப் பயந்து குடம்பி உள்ள இடத்தை மறைத்தால், அயல்வீட்டாருக்குத் தீங்கு செய்தவர்களாவோம்.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் தாமதிக்காதீர்கள். அஸ்பிரின், ஐபுபுரோபன் போன்றவற்றைச் சுயமாகக் கொடுக்காதீர்கள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு, கை கால் குளிர்தல் தெரிந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கே பதிவாகும் டெங்கு நோயாளிகளின் விபரங்கள் சுகாதாரத் துறையினருக்குப் போய்ச் சேருகின்றன. எந்தப் பகுதியில் டெங்கு பரவுகிறது என்பதை அறிய அவர்களுக்கு அது உதவுகிறது.

நமது பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்வதும், நிய்யத் சரியாக இருந்தால் இபாதத்தாகும். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவரைப் போன்றவர் என்ற கருத்தை அல்மாயிதாவின் 32ஆவது வசனம் நமக்குச் சொல்கிறது. அந்த நன்மையில் பேங்கொக்கின் வைத்தியருக்கும் யோக்யகர்த்தாவின் தாய்மார்களுக்கும் ஒரு பங்கு உண்டென்றால், வீட்டுப் பீலியைச் சுத்தம் செய்யும் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

யா அல்லாஹ்! எங்களையும் எங்கள் பிள்ளைகளையும் எல்லா மனிதர்களையும் கொடிய நோய்களிலிருந்து பாதுகாப்பாயாக! நோயுற்றிருப்போருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! மனித உயிர்களைக் காக்க உழைப்போரின் முயற்சியில் பரக்கத் செய்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.