அறிவும் வஞ்சமும்

ஆங்கிலத்தில் வஞ்சகனைச் சுட்டும் 'கன்னிங்' என்னும் சொல், 'அறிதல்' எனப் பொருள்படும் பழைய வினையினின்று பிறந்தது. 'கிராப்டி' என்பதும் முன்னாளில் வலிமையும் கைத்திறனும் உடையவனையே குறித்தது. நம் மொழி மட்டும் விலக்கோ? வள்ளுவர் 'சூழ்ச்சி' என்றது ஆராய்ந்தெண்ணுதலை. இன்று அச்சொல்லைக் கேட்டால் சதியே நினைவுக்கு வருகிறது. இங்கே ஜொகூரில் நம் அண்டையரான மலாய்க்காரரின் 'அக்கல்' அறிவையும் குறிக்கும், தந்திரத்தையும் குறிக்கும்.

'ஷ்ரூட்' என்பதன் கதை நேர்மாறு. கொடியவனைக் குறித்த அச்சொல், இன்று வியாபாரிக்குப் புகழ்மொழி! அறிவு யாரிடத்திருக்கிறது என்று பார்த்தே உலகம் அதற்குப் பெயரிடுகிறது போலும்.

பிறரைச் சொல்வானேன்? எங்கள் தோட்டத்திலே விலை குறைத்து வாங்கும் குத்தகைக்காரரை 'ஷ்ரூட்' என்று எழுதியவன் நானே. தாம் வெட்டிய செம்பனைக் குலைகளை நாள்தோறும் கரித்துண்டால் சுவரிற் குறித்து வைத்து, மாத முடிவில் கணக்குக் கேட்ட தொழிலாளியைத் துரைக்குக் 'கன்னிங்' என்று எழுதியவனும் நானே. கிராணிக்கு ஆங்கிலச் சொல் எளிதில் வந்துவிடுகிறது. பின்னர் ஏட்டைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த எண்ணிக்கையே சரி. ஆனால் அந்தக் கடிதம் அதற்குள் துரையின் மேசைக்குப் போய்விட்டது.