பூசி மறைத்த சுவர்

திருப்பெரும்பூதூர் முதல் ஓரகடம் வரை ஏரியும் வயலுமாய் விளங்கிய நிலப்பரப்பு இன்று ஆலைகளின் நாடாகிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. திருப்பெரும்பூதூரில் 2006இல் இயங்கத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆலை திறந்தால் வீடு வாங்குவோர் வருகின்றனர். வேலை மாறினால் விற்றுச் செல்கின்றனர். தலைமுறை தலைமுறையாய் அறிந்தவரிடம் வீடு வாங்கிய காலம் போய், முன்பின் அறியாதவரிடம் வாங்கும் காலம் வந்துவிட்டது.

நாம் அறிந்த குடும்பமொன்று ஓரகடத்தை அடுத்து அவ்வாறு ஒரு வீட்டைக் கிரயம் பெற்றது. கோடையில் பார்த்தபோது சுவர்கள் புதுச் சாயத்தில் பளபளத்தன. ஐப்பசி மழையில் ஈரம் ஏறியதும் ஓர் அறையில் நெடி எழுந்தது. தரையோடுகளின் இடுக்குகளில் நாயின் சிறுநீர் நெடுநாள் ஊறியிருந்தது. பிறாண்டப்பட்ட கதவுநிலை பட்டி பார்த்துச் சாயம் பூசப்பட்டிருந்தது. சுவர் வெடிப்புகளிலிருந்து உண்ணிகள் வெளிப்பட்டன. ஆறு மாதங்களாக அவர்கள் தொழுதுவந்த அறை அது. விற்றவரிடம் முறையிட்டபோது, “நீங்கள் கேட்கவில்லையே!” என்றாராம்.

கேளாதவருக்குச் சொல்வதும் கடமையா? இது பழைய வினா. கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், படுக்கையறைகளிலெல்லாம் பாம்பு தென்படும் வீட்டை விற்பவனைப் பற்றி ஆராய்கிறார். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது ஒரு கட்சி. பிறர் அறியாமையால் தான் ஆதாயம் பெறும்பொருட்டு வாய்மூடுவது மறைப்பதேயாகும் என்பது சிசெரோவின் முடிவு.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நம் வாசகர்கள் அறிவர். மழையில் நனைந்ததென வணிகர் கூறினார். மழை அவர் செய்த குற்றமன்று. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வையாததே குற்றமாயிற்று. நம் நாட்டின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும், சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டறிய இயலாத, ஆனால் விற்பவர் அறிந்த முக்கியக் குறையை வெளிப்படுத்துமாறு 55ஆம் பிரிவில் விதிக்கிறது.

“எங்களுக்கு அந்த நாய் பிள்ளை போன்றது, அதனால் வந்ததைக் குறையென நாங்கள் எண்ணவில்லை” என்று விற்றவர் வாதிடலாம். நாயின் மீது அன்பு வைத்ததை நாம் பழிக்கவில்லை; தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு இறைமன்னிப்புக் கிட்டியதைக் கற்றவரன்றோ நாம்! ஆனால், குறையென எண்ணாதவர் பட்டி பார்த்தது எதற்கு? மறைத்த கையே அறிந்த நெஞ்சுக்குச் சாட்சி. வாங்குபவரின் நோக்கை விற்பவர் முழுதும் அறிய முடியாதுதான். தாம் பூசி மறைத்தது இன்னதென்று தமக்குத் தெரியாமல் இராது.

அவர் சொல்லியிருந்தால் என்ன இழந்திருப்பார்? விலையில் சிறிது. சொல்லாததால் வாங்கியவர் இழந்தது அதனினும் பெரிது. ஷாபிஈ மத்ஹபில் நாயின் அசுத்தத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வழியுண்டு. அறிந்திருந்தால் முதல் நாளே கழுவியிருப்பர். அறியாமல் தொழுததற்குக் குற்றமில்லை என்று அக்குடும்பத்தாருக்கு நாம் ஆறுதல் கூறினோம். எனினும் அவர்களின் மனக்கலக்கத்தை எந்தப் பணம் ஈடுசெய்யும்?

கலீபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் ஒரு வழக்கு வந்தது. குறைகளுக்குப் பொறுப்பில்லை எனும் நிபந்தனையுடன் அடிமை ஒருவரை விற்ற இப்னு உமர் (ரலி) அவர்களை, குறையை அறிந்திருக்கவில்லை எனச் சத்தியம் செய்யுமாறு கலீபா பணித்தார்கள். அன்னார் சத்தியம் செய்யாது விற்பனையைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். கிரயப் பத்திரத்தில் “உள்ளது உள்ளபடி” என எழுதிவிட்டு ஒதுங்குவோர் இதைச் சிந்திப்பாராக.

பிறரைக் குறைகூறி நாம் ஓய்ந்துவிடலாகாது. நம் வீட்டை விற்கும் நாளில், கிணற்று நீரின் உப்பையும், மாடியின் ஒழுக்கையும், நிலையில் ஏறிய கறையானையும் நாமே முன்வந்து சொல்வோமா? சாயம் பூசுமுன் சுவரைக் காட்டுவோமா? வீடு கைமாறும்; விலைப்பணமும் கைமாறும்; மறைத்த குறை மட்டும் விற்றவர் கணக்கிலேயே தங்கிவிடும்.