கொலை கண்டு நகைத்தல்

கொலைகாரன் ஒருவன் அகப்படாமல் தப்பிவிட வேண்டுமே என்று மனமார விரும்பியபடி நாம் ஒரு மாலைப் பொழுதைக் கழித்ததுண்டு. அன்றும் பொழுது சாயுமுன்பே உணவை முடித்துக்கொண்டோம். வடிகட்டிய நீரையே பருகினோம். கூடத்தில் ஊர்ந்த எறும்புச் சாரியை மிதியாமல் விலகி நடந்து, தொலைக்காட்சியின் முன் குடும்பத்தோடு அமர்ந்தோம். அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஒருவன் பின் ஒருவராக ஒரு குடும்பத்தையே தொலைத்தான். நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பிறகே, 'நாம் எதைக் கண்டு சிரித்தோம்?' என்ற வினா எழுந்தது. அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

அப்படம் 1949ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஈலிங் நிறுவனத்தார் வெளியிட்ட 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்'. இயக்கியவர் ராபர்ட் ஹேமர். பிரபு குலத்துப் பெண்ணொருத்தி இத்தாலியப் பாடகர் ஒருவரை மணந்த குற்றத்திற்காகக் குலத்தாரால் தள்ளி வைக்கப்படுகிறாள். வறுமையில் வாடி இறக்கும் அவளுக்குக் குடும்பக் கல்லறையில் இடம் தரவும் அவர்கள் மறுக்கின்றனர். மகன் லூயி, தனக்கும் டியூக் பட்டத்திற்கும் இடையே நிற்கும் உறவினர் அனைவரையும் அகற்றிவிட உறுதி பூணுகிறான். அறுவரை அவனே கொல்கிறான். வேறு இருவர் தாமாகவே மாண்டு அவனுடைய வேலையைக் குறைக்கின்றனர். இவ்வெண்மராகவும் அலெக் கின்னஸ் என்னும் ஒரே நடிகர் தோன்றுகிறார் என்பதே அப்படத்தின் பெரும்புகழ்.

அப்புகழில்தான் நுட்பம் இருக்கிறது என்பது நம் கருத்து. எட்டு உயிர்களுக்கும் ஒரே முகம் என்றால், நம் மனம் அவற்றை எட்டு உயிர்களாக எண்ணுவதில்லை. இப்போது செத்தவர் அடுத்த காட்சியில் பாதிரியாராக வந்து நிற்கிறார். பிறகு படைத்தலைவராக, பிறகு பெண்ணுருவில். சாவு என்பது வேடம் கலைப்பதாகிவிடுகிறது. ஒவ்வோர் ஆன்மாவும் தனித்தனி, ஒன்றன் இன்ப துன்பத்தை மற்றொன்று நுகராது என்பது நம் சமயத்தின் அடித்தளம். அதை ஒரு வாதமும் செய்யாமலே அந்த ஒற்றை முகம் மறக்கச் செய்துவிடுகிறது.

வேறு உத்திகளும் உண்டு. கொலைஞன் இன்சொல்லன், உடை நலம் உடையவன், தாய்க்குப் பிள்ளை. கதையைச் சொல்பவனும் அவனே: தூக்கு மேடைக்கு முந்தைய இரவில் சிறையிலிருந்து எழுதும் தன் வரலாறாகவே படம் செல்கிறது. ஆகவே நாம் அவன் கண்ணால் மட்டுமே காண்கிறோம். மாள்பவர்களுள் பலர் செருக்கர்கள் அல்லது சலிப்பூட்டுபவர்கள். வாக்குரிமைத் துண்டறிக்கைகளை வானிலிருந்து வீசும் பெண்மணியின் பலூன் அம்பினால் துளைக்கப்படுகிறது. படைத்தலைவருக்கு மீன்முட்டைப் புட்டியில் வெடிகுண்டு வருகிறது. பிணம் கண்ணில் படுவதில்லை; அழுகுரல் காதில் விழுவதில்லை.

ஓரிடத்தை மட்டும் விரித்துக் கூற வேண்டும். குலத்து இளைஞன் ஒருவன் தன் காதலியோடு ஆற்றில் படகில் இருக்கிறான். லூயி நீருக்குள் மூழ்கிச் சென்று படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து விடுகிறான். படகு மிதந்து தடுப்பணையில் வீழ்கிறது, இருவரும் மடிகின்றனர். அந்தப் பெண் டாஸ்காயின் குலத்தவள் அல்லள். லூயியின் தாய்க்கு அவள் ஒரு தீங்கும் செய்தவள் அல்லள். அவளுக்காகத் தான் வருந்தியதாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அதையும் ஒரு நையாண்டியாக்கி அவன் அடுத்த பணிக்குப் போய்விடுகிறான். நாமும் போய்விட்டோம். எத்தனை பேர் கொலையுண்டனர் என்று பிறகு எண்ணிப் பார்த்தபோது நாம் அவளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

இன்னொரு வேடிக்கை நம்மவர் அறியத்தக்கது. டியூக்கின் வேட்டைக்கு அழைக்கப்படும் லூயி, விலங்குகளைக் கொல்லும் விளையாட்டில் நேரே பங்கு கொள்ளத் தன் கொள்கை இடம் தராது என்று மறுத்து விடுகிறான்! அந்த டியூக்கையோ, வேட்டைத் திருடரைப் பிடிக்க அவரே வைத்த இரும்புப் பொறியில் சிக்க வைத்துச் சுட்டுக் கொல்கிறான். இங்கே இங்கிலாந்து ரசிகர்கள் சிரித்ததைவிட நாம் சற்று உரக்கவே சிரித்திருக்க வேண்டும். அச்சிரிப்பில் குத்தலும் இருந்தது. உணவில் மட்டும் அஹிம்சையை நிறுத்திக்கொண்டு, கடையிலும் பாகப் பிரிவினையிலும் அதை மறந்துவிடும் இல்லங்கள் நம் சமூகத்தில் இல்லவே இல்லை என்று யார் சொல்வார்?

இதனோடு ஒட்டிய மற்றொரு காட்சி, சார்லி சாப்ளின் 1947இல் எடுத்த 'மான்ஸ்யூர் வெர்டூ' படத்தில் வருகிறது. பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த வங்கி ஊழியன் வெர்டூ. நோயுற்ற மனைவியையும் சிறு மகனையும் காப்பதற்காகச் செல்வமுள்ள பெண்களை மணந்து கொன்று பொருள் கவர்கிறான். படத்தின் தொடக்கத்தில் தோட்டத்தில் நடந்து வருபவன், பாதையில் கிடக்கும் கம்பளிப்புழு ஒன்றை மிதியாமல் எடுத்து அப்பால் விடுகிறான். பின்னே குப்பை எரிக்கும் சூளையிலிருந்து கரும்புகை எழுந்துகொண்டிருக்கிறது. அது எதன் புகை என்பது நமக்குத் தெரியும். ஈரியா சமிதியைக் கற்ற நமக்கு அந்தப் புழுவும் அந்தப் புகையும் ஒரே சட்டத்துக்குள் நிற்பது எளிதில் மறக்கக்கூடியதன்று.

வெர்டூவின் கதைக்கு மூலம் லாண்ட்ரு என்னும் பிரெஞ்சுக்காரன். பத்துப் பெண்களையும் அவர்களுள் ஒருவரின் மகனையும் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, 1922இல் வெர்சாய் நகரில் தலை துண்டிக்கப்பட்டவன். அவனைப் படமாக்கும் எண்ணத்தைத் தந்தவர் ஆர்சன் வெல்ஸ். சாப்ளினுடைய நோக்கம் வெறும் சிரிப்பன்று. ஒருவன் சிலரைக் கொன்றால் கொலைகாரன், கோடிக்கணக்கில் கொன்றால் வீரன் என்று உலகம் போற்றுகிறதே என்று வெர்டூ இறுதியில் கேட்கிறான். ஹிரோஷிமா அழிந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த நிலையில் கேட்கப்பட்ட கேள்வி அது. அமெரிக்காவில் அப்படத்திற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவன் கேட்பது மெய்யே. ஆயினும் பெரும்பாவியைச் சுட்டிக் காட்டுவதால் சிறுபாவியின் வினை ஓர் அணுவும் உதிர்வதில்லை. அந்த வாதத்தைச் செய்யும்போது வெர்டூ நம் அனுதாபத்தை மிகுதியாகப் பெறுகிறான். கொல்லப்பட்ட பெண்களுக்கு அதிலிருந்து ஒரு துளியும் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது படம் பார்வைக்கு மிகவும் தூயது. எனவே நம்மை மிகவும் கலங்கச் செய்தது. ஃபிராங்க் காப்ரா இயக்கி 1944இல் வெளிவந்த 'ஆர்செனிக் அண்ட் ஓல்டு லேஸ்'. ஜோசஃப் கெஸல்ரிங் எழுதிய நாடகத்தின் திரை வடிவம். அன்பே உருவான இரு முதிய சகோதரிகள், தனியராய் வரும் கிழவர்களுக்கு நஞ்சு கலந்த பழமதுவை உபசரித்து, அவர்கள் துன்பத்தைத் தீர்த்து, நிலவறையில் சமயச் சடங்குகளோடு அடக்கம் செய்கின்றனர். பன்னிருவர் அவ்வாறு அடக்கமாகி விட்டனர். அவர்களுக்கு அது தருமம்! பொருளாசை சிறிதும் இல்லை, பகை இல்லை. சிரிக்காமல் இருக்க எவராலும் முடியாது.

ஆனால் இக்கதைக்குத் தூண்டுதலாக இருந்த உண்மை நிகழ்ச்சி வேறு. கனெக்டிகட் மாநிலத்தின் விண்ட்ஸர் என்னும் ஊரில் முதியோர் விடுதி நடத்திய ஏமி ஆர்ச்சர் கில்லிகன், 1916இல் கைதாகி 1917இல் நஞ்சிட்டுக் கொன்ற குற்றத்திற்காகத் தண்டனை பெற்றவள். ஆயுள் முழுவதும் பராமரிப்பதாகச் சொல்லி ஒரே தவணையில் பணம் வாங்கிக்கொள்வது அவ்விடுதியின் வழக்கம். முதியவர் எவ்வளவு விரைவில் இறக்கிறாரோ அவ்வளவு ஆதாயம். நாடகாசிரியர் அந்தப் பணத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கருணையை வைத்தார். கொலை நகைச்சுவை ஆயிற்று.

கருணையால் கொல்வது என்னும் இவ்வாதம் நம் ஆசிரியர்களுக்குப் புதிதன்று. அமிர்தசந்திர ஆசாரியார் தம் 'புருஷார்த்த சித்தியுபாயம்' நூலில் இதை எடுத்துக்கொண்டே மறுக்கிறார். துன்புறும் உயிரை அத்துன்பத்திலிருந்து விடுவிப்பதாகக் கருதிக் கொல்லலாகாது என்கிறார். ஒரு கொடிய உயிரைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்குமே என்னும் கணக்கையும் அவ்வாறே தள்ளுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அவர் எதிர்கொண்ட வாதங்களையே இந்தச் சகோதரிகளும் வெர்டூவும் புன்னகையோடு பேசுகின்றனர்.

'இதெல்லாம் படந்தானே! மெய்யாக எவரும் சாகவில்லையே!' என்று நம் இல்லத்து இளைஞர் கேட்பர். தமிழ்ச் சமணருக்கு இக்கேள்வி வந்தவுடன் யசோதர காவியம் நினைவுக்கு வராமல் போகாது. தீக்கனாக் கண்ட யசோதர மன்னனை அவன் தாய் சந்திரமதி உயிர்ப்பலி இடுமாறு வற்புறுத்துகிறாள். அவன் மறுக்கிறான். இறுதியில் தாயின் சொல்லுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழி ஒன்றை வெட்டுகிறான். அங்கும் மெய்யாக எவ்வுயிரும் சாகவில்லை. ஆயினும் அரசன் மயிலாகவும் தாய் நாயாகவும் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் வெட்டுண்டும் கடியுண்டும் உழன்று, இருவரும் கோழிகளாகவும் பிறக்க நேர்ந்தது. திரையில் விழும் பிணமும் ஒரு மாக்கோழியே அன்றோ?

அவசரப்பட்டு ஆம் என்று சொல்ல நாம் ஒருப்படோம். யசோதரன் கொல்கிறேன் என்னும் சங்கல்பத்தோடு வாளை ஓங்கினான். திரையின் முன் அமர்ந்த நாம் எவரையும் கொல்ல எண்ணவில்லை. படைப்பாளியின் நோக்கமும் கருதத்தக்கது. பிரபுக்களின் செருக்கை எள்ளுவது ஹேமரின் நோக்கம் எனில் அதில் தவறு காண்பதற்கில்லை. கலையை வெறுத்தொதுக்கும் மரபும் நம்முடையதன்று. சிந்தாமணி தந்தவர்கள் நாம்.

எனினும், தத்வார்த்த சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தில் வினை வரும் வாயில்களை நூற்றெட்டாக விரிக்கும்போது, செய்தல், செய்வித்தல் என்பவற்றோடு உடன்படுதலையும் எண்ணுகிறது. நகை என்பதே நோகஷாயம் ஒன்பதனுள் முதலாவது. பயனில் தண்டம் ஐந்தனுள் துஸ்ருதி, அதாவது உள்ளத்தைக் கலக்கும் தீக்கதை கேட்டல், ஒன்று. இவற்றைக் கொண்டு சிரித்தவரையெல்லாம் நரகத்திற்கு அனுப்பிவிடலாம் என்பது நம் கருத்தன்று. எந்தக் கணத்தில் உடன்பாடு நிகழ்கிறது என்பதையே நாம் தேடினோம். சிரிக்கும் கணத்தில் அன்று. அதற்குச் சற்று முன்னே, லூயி வில்லை வளைத்துப் பலூனைக் குறிபார்க்கும்போது, 'தவறிவிடப் போகிறதே' என்று நம் மனம் பதைத்ததே, அக்கணத்தில்தான்.

குந்தகுந்தர் தம் பாவபாகுடத்தில் சாலிசித்த மீனைக் குறிப்பிடுகிறார். கடலில் பெருமீன் ஒன்று வாய் திறந்து உறங்க, சிறு மீன்கள் உள்ளே போவதும் வருவதுமாய் இருக்கின்றன. அதன் செவியில் வாழும் அரிசியளவே ஆன மீன், 'இவன் என்ன மூடன். நானாயிருந்தால் ஒன்றையும் தப்ப விடேன்' என்று நினைக்கிறது. அது ஒரு மீனையும் தின்னவில்லை. ஆயினும் நினைப்பினாலேயே மாநரகம் புகுந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பிறர் வாயைப் பார்த்துப் பதைத்த அம்மீனுக்கும் நமக்கும் எவ்வளவு தொலைவு என்பதை ஒவ்வொருவரும் தம் மனத்தைக் கேட்டே அறிய வேண்டும். நமக்கு விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

அமெரிக்கத் தணிக்கையாளர்கள் ஹேமரின் படத்தைத் தங்கள் வழியில் திருத்தினார்கள். விடுதலை பெற்று வெளியே வந்த லூயி, தன் குற்றங்களை எல்லாம் எழுதிய ஏடுகளைச் சிறையிலேயே விட்டுவந்ததை நினைத்துத் திடுக்கிடுவதோடு ஆங்கிலப் படம் முடிகிறது. குற்றவாளி தப்பலாகாது என்னும் விதிக்காக, அவ்வேடுகள் அதிகாரிகளிடம் சிக்குவதாக ஒரு சில வினாடிக் காட்சியை அமெரிக்கப் பதிப்பில் ஒட்டினர். அதற்குள் பார்வையாளர் மனத்தில் நிகழ வேண்டியதெல்லாம் நிகழ்ந்து முடிந்திருக்கும்; கடைசிச் சில வினாடிகள் எதைக் கழுவும்?

சில திங்களுக்குப் பின் அதே படத்தை மறுபடியும் பார்க்க நேர்ந்தது. இம்முறை இல்லத்துச் சிறுமி ஒருத்தியும் உடன் அமர்ந்தாள். படகு தடுப்பணையை நோக்கி மிதக்கத் தொடங்கியதும், "அந்த அக்கா ஏன் சாக வேண்டும்? அவர் என்ன செய்தார்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றோம். பின்னர் பாதிரியார் வந்தார், பலூன் வந்தது, நாம் பல இடங்களில் சிரிக்கவும் செய்தோம். படகு வீழ்ந்த இடத்தில் மட்டும் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.